புதிதாக அடுப்பேற்றுவோருக்கு நெல்லைச் சமையல்: சுக்குக் காபி முதல் சொதி வரை

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் அறை எடுத்துத் தங்குபவர்கள் முதல் மாதத்தைக் கடைச் சாப்பாட்டில் ஓட்டிவிட்டு, இரண்டாம் மாதத்தில் ஒரு கேஸ் அடுப்பும் குக்கரும் வாங்குவது இந்த ஊரில் வழக்கமாக நடப்பதுதான். வாங்கியவுடன் பிரியாணியில் கைவைத்துச் சலித்துப்போய், பாத்திரங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுபவர்களும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து வீட்டுச் சமையலில் தொடங்கினால் அந்தச் சலிப்பு வராது. தேங்காய், தோல் நீக்காமல் உடைத்த தொலி உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் ஆகிய நான்கும் கையிருப்பில் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரிதான். கடையில் விற்கும் மசாலாப் பொடிகள் ஏறக்குறையத் தேவைப்படுவதே இல்லை. ஆனால் தீயை எந்த நேரத்தில் தணிப்பது, எந்த நேரத்தில் அணைப்பது என்கிற கவனத்தை மட்டும் இந்தச் சமையல் விடாமல் கேட்கும். சுக்குக் காபியில் பால் சேரும் நேரம், உளுந்து வறுபடும் நேரம், தேங்காய்ப்பால் குழம்பான சொதியில் முதற்பால், அதாவது முதலில் பிழிந்த கெட்டிப் பால், விழும் நேரம் ஆகிய மூன்றும் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே கைக்கு வந்துவிடும். கீழே உள்ள வரிசையும் அதற்கேற்பவே அமைந்திருப்பதால், புதியவர்கள் இதே வரிசையில் செய்து பார்ப்பது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அடி கனத்த பாத்திரம் ஒன்று, வறுப்பதற்கு இரும்புச் சட்டி ஒன்று, சிறிய மிக்ஸி, தேங்காய்ப்பால் பிழிய வெள்ளை மல் துணி ஒரு துண்டு ஆகியவை போதும். இந்தக் கட்டுரையில் டம்ளர் என்று வரும் இடங்களிலெல்லாம் 200 மில்லிலிட்டர் பிடிக்கும் டம்ளரையே கொள்ள வேண்டும். உழக்கு, நாழிக் கணக்கில் சொல்லும் பெரியவர்களிடம் செய்முறை கேட்பவர்கள், அந்தப் பாத்திரத்தையே ஒருமுறை காட்டச் சொல்லி, அதில் எத்தனை டம்ளர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அரிசியில், தினச் சோற்றுக்குப் புழுங்கலரிசியே ஏற்றது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும் அரிசியைத் தருவது. இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் அது நன்றாகப் பொருந்தும். காய்கறிக்குத் திருநெல்வேலி டவுனில் நயினார்குளம் சந்தை இருக்கிறது. ஆனால் ஓர் ஆளுக்குச் சமைப்பவர் அங்கே மொத்தமாக வாங்கிவந்து அழுகவிடுவதைவிடத் தெருமுனைக் கடையில் அன்றாடம் வாங்குவதே சிக்கனம்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் பருப்பு மெத்தென்று வெந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் குடியிருப்புகளில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீர் வருமானால், அதே பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் விறைப்பாகவே நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் குளிக்கவும் கழுவவும் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, பருப்பு வேக மட்டும் குடிதண்ணீரை ஊற்ற வேண்டும்.

கருப்பட்டி வாங்குவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி உறையவைப்பதால்தான் அது அரைவட்டமாக இருக்கிறது; ஆனால் வெல்லத்தையும் சர்க்கரையையும் கலந்து அதே சிரட்டையில் ஊற்றினாலும் அதே வடிவம்தான் வரும் என்பதால், வடிவத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. விலை வெல்லத்தின் விலையை ஒட்டி இருந்தால் சந்தேகப்படலாம். சிறு துண்டை வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் புகைவாசனையும் தெரிய வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் அதில் சர்க்கரை இருக்கிறது. முன்பு ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போன உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளிலிருந்தும் நல்ல சரக்கு வருகிறது. வாங்கிய கருப்பட்டி மழைக்காலத்தில் வியர்த்து ஒழுகும். பழைய வீடுகளில் ஓலைக் கொட்டானில் போட்டு, அடுப்பின் சூடு படும்படி மேலே வைத்திருப்பார்கள். அறையில் தங்குபவர்கள் காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் வரும் நாளில் ஒருமுறை எடுத்து உலர்த்தினால் போதும்.

சுக்குக் காபி

காபித்தூள் இல்லாவிட்டாலும் இதைக் காபி என்றே சொல்கிறோம். பொடியை ஒருமுறை இடித்து வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் வரும். சுக்கு 50 கிராம், கொத்துமல்லி விதை 100 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்து என்பது காரமும் மணமும் ஒன்றையொன்று மிஞ்சாத அளவு. 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது பழமொழி. ஆகவே சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். முழுச் சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு வீணாகும் என்பதால், முதலில் இடிகல்லில் போட்டு நார் தெரியும்படி நசுக்கிக்கொள்ள வேண்டும். மல்லியை மட்டும் வாசனை வரும் அளவுக்கு வெறுஞ்சட்டியில் சூடேற்றி, ஆறியபின் எல்லாவற்றையும் சேர்த்துச் சற்றுக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் வடிகட்டியில் நிற்காமல் தொண்டையில் நிற்கும்.

இரண்டு பேருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பொடி இரண்டு தேக்கரண்டி போட்டு, தீயைத் தணித்து ஐந்து நிமிடம் விட வேண்டும். சளி பிடித்திருந்தால் அந்த நேரத்தில் நான்கைந்து துளசி இலையைக் கிள்ளிப் போடலாம். வேறொரு சிறு பாத்திரத்தில் 50 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அது மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிக் கரைய வைக்க வேண்டும். கரைந்ததும் அப்படியே இரண்டு நிமிடம் அசைக்காமல் வைத்தால், பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மிச்சமும், மண்ணும், பனை நார்த் துணுக்குகளும் அடியில் மெல்லிய சேறாகப் படியும். மேலே தெளிந்து நிற்கும் பாகை மட்டும் துணியில் வடித்து, வடிகட்டிய சுக்குத் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். கருப்பட்டியை நேராகக் காபியில் போட்டுக் கொதிக்கவிடுபவர்கள் கடைசி மிடறில் இந்த மண்ணைக் கடித்துவிட்டுக் கருப்பட்டியைக் குறை சொல்லுவார்கள்.

பால் விட்டுக் குடிக்க விரும்பினால் அதற்கொரு முறை உண்டு. கருப்பட்டியில் லேசான புளிப்புத்தன்மை இருப்பதால், கொதிக்கும் கருப்பட்டிக் காபியில் பாலை ஊற்றினால் பால் திரிந்துபோகும். ஆகவே அடுப்பை அணைத்து, காபி குடிக்கும் சூட்டுக்கு இறங்கியபிறகே, தனியாகக் காய்ச்சி வைத்த பாலை ஊற்ற வேண்டும்; ஊற்றியபின் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. காபித்தூள் போட்டுச் செய்யும் கருப்பட்டிக் காபிக்கும் இதே கட்டுப்பாடுதான்.

கோடையில் சுக்குக் காபியை யாரும் தேடுவதில்லை. அப்போது அதே கருப்பட்டிப் பாகில் எலுமிச்சைச் சாறும், ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும், ஏலக்காயும் போட்டு நான்கு மடங்கு தண்ணீர் ஊற்றினால் பானகம் ஆகிவிடும். நீர்மோருக்குச் செய்முறை சொல்ல வேண்டியதில்லை. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோராக இருந்தால் நல்லது என்பது மட்டும்தான். பதநீரை வாங்கினால் வாங்கிய இடத்திலேயே குடித்துவிட வேண்டும், அறைக்குக் கொண்டுவந்து வைத்தால் புளித்துவிடும்.

உளுந்தஞ்சோறு

ஒரே குக்கரில் முடிந்து, வயிறும் மனமும் நிறையும் சாப்பாடு என்றால் இந்தப் பக்கத்தில் உளுந்தஞ்சோறுதான். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று சொல்லி உளுந்தங்களியையும் இதையும் விடாமல் கொடுப்பது இங்கே வழக்கம். இரண்டு பேருக்கு அரிசி ஒரு டம்ளர், தோல் நீக்காமல் உடைத்த கறுப்பு உளுந்து, அதாவது பலசரக்குக் கடையில் தொலி உளுந்து என்று கேட்டால் தருவது, அரை டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, உரித்த பூண்டு பதினைந்து பல், தேங்காய்த் துருவல் அரை டம்ளர், உப்பு ஆகியவை வேண்டும். வெள்ளை உளுந்தில் செய்தால் சோறு கொழகொழத்துப்போவதோடு அந்த மணமும் வராது என்பதால், தொலி உளுந்து கிடைக்காத நாளில் இதைச் செய்யாமல் இருப்பதே மேல்.

முதல் வேலை உளுந்தை வறுப்பது. இரும்புச் சட்டியைச் சூடாக்கி, தீயைத் தணித்து, எண்ணெய் இல்லாமல் உளுந்தைப் போட்டுக் கைவிடாமல் புரட்ட வேண்டும். தோல் கறுப்பாக இருப்பதால் வறுபட்டது வெளியே தெரியாது. உடைந்த பக்கத்து வெள்ளை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; அது பால்வெள்ளையிலிருந்து மெல்ல மங்கி, அங்கொன்றும் இங்கொன்றும் வெளிர்ப்பொன் நிறத்துக்குத் திரும்பும்போது மணம் எழும்பும். மணம் வந்த அந்தக் கணமே தட்டில் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் அடுப்பை அணைத்தபிறகும் இரும்புச் சட்டி சூட்டை விடாமல் வறுத்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு நிமிடத்தில் போனில் பேசப் போனவர் அன்றைக்குக் கருகிய சோற்றைத்தான் சாப்பிட வேண்டும்.

வறுத்த உளுந்தையும் அரிசியையும் சேர்த்து இரண்டு முறை கழுவிக்கொள்ள வேண்டும். கழுவும்போது மிதக்கும் தோலைக் கொட்டிவிடாமல் முடிந்தவரை சேர்த்துக்கொள்வது நல்லது. குக்கரில் புழுங்கலரிசிக்கு நாலரை டம்ளர், பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது பூண்டு, வெந்தயம், சீரகம், உப்பு ஆகியவற்றைப் போட்டு, அரிசி உளுந்தோடு தேங்காயையும் சேர்த்து மூட வேண்டும். தேங்காயை இறக்கியபின் தூவுவாரும் உண்டு. ஆனால் அரிசியோடு வெந்தால்தான் அதன் பால் சோற்றில் இறங்கும். மிதமான தீயில் நான்கு விசில் வந்ததும் அணைத்து, ஆவியைப் பிடுங்கி விடாமல் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். திறந்தால் சோறு குழைவாக, மேலே சற்று நீர் பளபளக்க இருக்கும். கரண்டிக் காம்பால் லேசாகக் கிளறி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் அந்த நீர் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதற்குத் துணை எள்ளுத் துவையல். கறுப்பு எள் 50 கிராமை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, மண் அடியில் நிற்க மேலே வரும் எள்ளை மட்டும் அரித்தெடுத்து, துணியில் உலர்த்திக்கொள்ள வேண்டும். வறுக்கும்போது எள் படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போதே இறக்க வேண்டும், அடங்கியபின் இறக்கினால் கசக்கும். அதே சட்டியில் சொட்டு நல்லெண்ணெயில் வற்றல் மிளகாய் ஐந்தைப் புரட்டி, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், இரண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்து, கடைசியில் எள்ளைப் போட்டுக் கெட்டியாக அரைத்தால் துவையல் ஆயிற்று. சூடான சோற்றின் நடுவே குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு, துவையலும் சுட்ட அப்பளமும் வைத்துச் சாப்பிட வேண்டும். அசைவம் உண்பவர்கள் கோழிக்குழம்போ கருவாட்டுக் குழம்போ வைத்துக்கொண்டால் அதற்கும் இந்தச் சோறு வளைந்துகொடுக்கும்.

உளுந்தங்களியைச் சில வாரம் கழித்துச் செய்யலாம். வறுத்த உளுந்து மூன்று பங்கும் பச்சரிசி ஒரு பங்கும் மாவாக்கி, வடித்த கருப்பட்டிப் பாகில் கட்டியில்லாமல் கரைத்து, தணிந்த தீயில் நல்லெண்ணெயை விட்டுவிட்டுக் கிண்ட வேண்டும் என்பதுதான் முறை. ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை கை நிற்கக் கூடாது. தோள் வலிக்கும் வேலை இது.

பழைய சோறு

இரவில் வடித்த வெறுஞ்சோறு மீந்தால் காலைச் சாப்பாடு தயாராகிவிட்டது. சூடு முழுவதும் ஆறியபிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது முக்கியம். சூட்டோடு மூடிவைத்த சோறு புளிப்பதற்குப் பதிலாகக் கெட்டுப்போகும். தட்டில் பரப்பி ஆறவைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி குடிதண்ணீர் ஊற்றித் துணியால் மூட வேண்டும். எட்டு மணி நேரம் போதுமானது. சித்திரை வெயிலில் அதற்கு மேல் விட்டால் புளிப்பு மிஞ்சும். காலையில் நீரை இறுத்து உப்பும் மோரும் சேர்த்து நீராகாரமாகக் குடித்துவிட்டு, சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து சின்ன வெங்காயத்தோடும் மோர் மிளகாயோடும் சாப்பிடலாம். உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு போலப் பருப்பும் தேங்காயும் சேர்ந்த சோற்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி வைக்கக் கூடாது, அவை ஊசிப்போகும்.

சொதி

மேலே சொன்னவை கைவந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் நான்கு பேர் வரும்போது சொதி வைக்கலாம். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் மறுவீட்டு விருந்தில் இதற்குத் தனி இடம் உண்டு, ஆகவே மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். மாப்பிள்ளை இல்லாத நாளிலும் வைக்கத் தடையில்லை.

நான்கு பேருக்குப் பெரிய தேங்காய் ஒன்று, பாசிப்பருப்பு 50 கிராம், உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் ஒன்று, பீன்ஸ் பத்து, முருங்கைக்காய் ஒன்று, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் ஆறு, கட்டைவிரல் அளவு இஞ்சி, எலுமிச்சம்பழம் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்க வேண்டும். இளசாக இருந்தால் பால் நீர்த்துப்போகும், கொப்பரையாக வற்றியிருந்தால் எண்ணெய் வாடை அடிக்கும். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் சேர்க்காமல் வெள்ளையாக வைப்பதே வழக்கம், காரம் முழுவதும் பச்சை மிளகாயிலிருந்தும் இஞ்சியிலிருந்தும்தான் வர வேண்டும்.

துருவலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அடித்துத் துணியில் இறுக்கிப் பிழிந்தால் வருவது முதற்பால். இதைத் தனியே மூடி வைத்துவிட வேண்டும். அதே சக்கையில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால், மறுபடி ஒன்றரை டம்ளர் விட்டுப் பிழிவது மூன்றாம் பால். பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். அடி கனத்த பாத்திரத்தில் சிறிது எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, மூன்றாம் பாலை ஊற்றி, முதலில் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, பாதி வெந்ததும் பீன்ஸ், முருங்கைக்காய் என்று வேகும் நேரத்துக்கு ஏற்பப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் உருளைக்கிழங்கு வேகும்போது முருங்கைக்காய் நாராகிவிடும். காய் வெந்தபின் அரைத்த மிளகாய் இஞ்சி விழுது, மசித்த பருப்பு, உப்பு, இரண்டாம் பால் ஆகியவற்றைச் சேர்த்து, பச்சை வாசனை போக ஐந்து நிமிடம் மிதமாகக் கொதிக்கவிட வேண்டும்.

இப்போது தீயை மிகச் சிறியதாக்கி, முதற்பாலை ஊற்றி, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டு பாத்திரத்தின் ஓரத்தையே பார்க்க வேண்டும். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி ஆவி எழும். நடுவில் கொப்புளம் வருவதற்கு முன் அணைத்துவிட வேண்டும். கொதித்துவிட்டால் பால் பிரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நிற்கும், அதைச் சேர்த்து வைக்க வழியில்லை. எலுமிச்சைச் சாற்றை ஐந்து நிமிடம் ஆறவிட்டே பிழிய வேண்டும், முதலில் அரைப் பழம் பிழிந்து ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேர்ப்பது பாதுகாப்பானது. நெய்யில் கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் சொதி முடிந்தது.

சொதிக்கு இஞ்சித் துவையல் கட்டாயம். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும் என்று பெரியவர்கள் இதை விடாமல் வைப்பார்கள். தோல் சீவி நறுக்கிய இஞ்சி 50 கிராமை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வற்றல் மிளகாய் நான்கு, உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சிவக்க வறுத்து, புளி, உப்பு, சிறு துண்டு கருப்பட்டி சேர்த்து அரைத்தால் போதும். இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு வறுவலோ, கடையில் வாங்கிய சிப்ஸோ இருந்தால் இலை நிறைந்துவிடும்.

பரிமாறும் நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் முதற்பாலை ஊற்ற வேண்டும். விருந்தாளிகள் வண்ணார்பேட்டையில் பஸ் இறங்கிவிட்டதாகப் போன் வந்தபின் ஊற்றினால் சரியாக இருக்கும். சொதி சாயங்காலம்வரை வெளியில் தாங்காது. மீந்தால் ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரவுக்குள் தீர்த்துவிட வேண்டும், சூடாக்கும்போது நேராகத் தீயில் வைக்காமல், வெந்நீர் நிறைந்த அகலமான பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வைத்துக் கிளறிக்கொண்டே சூடேற்ற வேண்டும்.